சேனாவின் வழிச்செலவு



சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை நம் சேகரத்திலிருந்து இருபது பேர் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றுக்குச் சென்றுவந்தோம். ஒவ்வோர் ஆண்டும் செல்வது போலவே அரிசி, போர்வை, சேலை, பிள்ளைகளுக்குக் கேக்கு. பாடல்கள் பாடி, ஜெபித்து, பொருள்களைக் கொடுத்து முடித்து வேனில் ஏறும் வேளையில் பெரியவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். மன்னாரிலிருந்து 1984-ஆம் ஆண்டு படகேறி வந்தவர். பல ஆண்டுகளாக எனக்கு அறிமுகமானவர். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, கோவிக்காதேங்கோ. உங்கட சபையில அப்புக்காத்துமார் ஆரும் இருக்கினமே?"

அப்புக்காத்து என்றால் வழக்கறிஞர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். நாம் வக்கீல் என்கிறோம். நம் சபையில் வக்கீல்கள் இருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் பதினொருவர். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் நம்மவர் இல்லாத வரிசை ஒன்றும் கிடையாது. ஆனால் அன்று நான் உடனே ஆம் என்று சொல்லவில்லை. அவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை அறிந்தபோது என் முகம் வாடிப்போயிற்று. அந்தக் காரணத்தை மறைக்காமல் எழுதுவது என் கடமை.

பெரியவரின் மகள் 1984-ஆம் ஆண்டு நவம்பரில் மண்டபம் முகாமில் பிறந்தவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் 2004 அக்டோபரில் பிறந்தாள். செவிலியர் படிப்பை முடித்திருக்கிறாள். இளையவன் 2007-இல் பிறந்தவன். சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த மகள் ஒரு படிவத்துடன் என்னிடம் வந்தார். இந்தியக் குடியுரிமை வேண்டி விண்ணப்பிக்க வேண்டும், எழுதித் தாருங்கள் என்றார். நானும் மனமுவந்து உட்கார்ந்து நிரப்பினேன். நாட்டுரிமை என்ற கட்டத்தில் "இலங்கை" என்று தெளிவான எழுத்தில் எழுதினேன். எனக்கு எழுத்து நன்றாக வரும். அவர் கையொப்பமிட்டார், நான் சான்றளித்தேன், சேகர முத்திரையும் வைத்தேன். அந்த விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. இப்போது மகளின் கடவுச்சீட்டுக்காகத் தாயின் நிலையை நிரூபிக்கப் போன இடத்தில், ஓர் அலுவலர் அந்த விண்ணப்பத்தின் நகலை எடுத்துக் காட்டி, நீங்களே இலங்கைக் குடிமகள் என்று எழுதித் தந்திருக்கிறீர்களே என்று கேட்டிருக்கிறார்.

அந்தத் தாய் இலங்கைக் குடிமகள் அல்லர். பிறந்த நாளிலிருந்தே அவர் இந்தியக் குடிமகள். இதை நான் அறிந்துகொண்டது, அந்தச் சனிக்கிழமைக்குப் பின்பு மதுரையில் வழக்காடும் நண்பர் ஒருவர் பொறுமையுடன் விளக்கியபோதுதான்.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு ஒரு நாட்காட்டியைப் போன்றது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், தூதரகத்தார் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் யாராயினும் இந்தியக் குடிமகன்தான். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாயிருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு அதுவும் போதாது: பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டத்தின் பார்வையில் "சட்டவிரோதக் குடியேறி" அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இதை அந்தக் குடும்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். தாய் 1984-இல் பிறந்ததால் குடிமகள். மூத்த மகள் 2004 அக்டோபரில் பிறந்தாள். தாய் குடிமகள் என்பதால் அவளும் குடிமகள். இன்னும் இரண்டு மாதம் கழித்துப் பிறந்திருந்தால் கதை வேறு. 2007-இல் பிறந்த தம்பியின் நிலையோ தந்தையைப் பொறுத்தது. தந்தை 1990-இல் கடவுச்சீட்டின்றிப் படகில் வந்தவர். எனவே தம்பிக்குப் பிறப்பினால் குடியுரிமை கிடைப்பது கடினம். தாத்தா அந்நியர், தாயும் மகளும் குடிமக்கள், தம்பி இரண்டுக்கும் நடுவில். ஒரே கூரை, ஒரே குடும்ப அட்டை, ஒரே அடுப்பு. இதைப் பிரித்தறியத் தெரியாத ஒருவன் நல்ல மனதோடு பேனாவை எடுத்தால் என்ன நேரும் என்பதற்கு நானே சாட்சி. அவர் கேட்க வேண்டியது கடவுச்சீட்டு. நான் அவருக்காகக் கேட்டதோ, அவரிடம் முன்னமே இருந்த குடியுரிமையை. என் முத்திரை இன்று அவருக்கு எதிரான சாட்சியாக ஒரு கோப்பில் கிடக்கிறது. ஒரு படிவத்தில் தவறாக எழுதியதனால் பிறப்புரிமை அழிந்துவிடாது என்று நண்பர் தேற்றினார். ஆயினும் அதை விளக்கி நிலைநாட்ட எத்தனை ஆண்டு செல்லுமோ!

இது கற்பனையான வாதமன்று. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்மணி 1986 ஏப்ரலில் மண்டபத்தில் பிறந்தவர். அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குச் சென்றார். பிறப்பினால் அவர் இந்தியக் குடிமகள் என்று 2022-இல் தீர்ப்பு கிடைத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதல் முறையாக வாக்களித்த செய்தியை நீங்களும் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். சட்டம் புதிதன்று, பிரிவு 3 அவர் பிறப்பதற்கு முன்பே இருந்தது. அதை எடுத்துக் காட்ட அறிந்த ஒரு வழக்கறிஞர் கிடைக்க அவருக்கு முப்பத்தாறு வயதாயிற்று.

நாம் ஆண்டுதோறும் கொண்டுபோகும் அரிசியை நான் இகழவில்லை. ஆனால் அரிசி கொடுக்க நமக்கு ஒரு வேன் போதும். இந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்துவந்தது நமக்குச் சுலபமாயிருந்தது என்பதே உண்மை.

தீத்துவுக்கு எழுதின நிருபத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து பாருங்கள் (3:13). வாழ்த்துதல்களுக்கு நடுவில் இருப்பதால் நாம் விரைந்து கடந்துபோகும் வசனம் அது. நியாயசாஸ்திரியான சேனா என்பவரையும் அப்பொல்லோவையும் ஒன்றுக்கும் குறைவில்லாதபடி வழியனுப்பும்படி பவுல் தீத்துவைக் கேட்டுக்கொள்கிறார். சேனா மோசேயின் நியாயப்பிரமாணத்தில் வல்லவரா, ரோமச் சட்டத்தில் வல்லவரா என்று உரையாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. எதுவாயினும் ஆகட்டும். அடுத்த வசனத்தில், நம்முடையவர்களும் இப்படிப்பட்ட தேவைகளுக்காக நற்கிரியை செய்யப் பழக வேண்டும் என்ற பொருளில் அப்போஸ்தலர் எழுதுகிறார். பிரசங்கியாகிய அப்பொல்லோவின் வழிச்செலவைச் சபைகள் இரண்டாயிரம் ஆண்டாகக் கொடுத்துவருகின்றன. கூடவே பெயர் எழுதப்பட்ட சேனாவின் வழிச்செலவு எங்கே போயிற்று?

எழுதியவரின் வாழ்க்கையையும் நினைத்துப் பாருங்கள். எருசலேமில் வாரினால் கட்டி அடிக்க ஆயத்தமானபோது, ரோமக் குடிமகனை விசாரியாமல் அடிக்கலாமா என்று நூற்றுக்கு அதிபதியிடம் கேட்டவர் பவுல். அந்த ஒரு கேள்வியில் சேனாபதி பயந்துபோனான். தாம் பிறப்பினால் குடிமகன் என்பதும், அதை எந்த வேளையில் எந்த அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்பதும் பவுலுக்குத் தெரிந்திருந்தன. மண்டபத்தில் பிறந்த சகோதரிக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. இருந்த ஒரு போதகரும் தவறாகச் சொல்லிக்கொடுத்தார்.

மண்டபம் முகாமைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது அகதிகளுக்காகக் கட்டப்பட்டதன்று. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்திச் சோதித்து அனுப்பிய இடம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பஞ்ச காலத்தில் கடல் கடந்தவர்கள் எத்தனை குடும்பங்கள்! அவர்களைத் தொடர்ந்து நம் சபைகளும் சென்றன. 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்காகத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். நம் மிஷனெரிச் சரித்திரத்தில் பெருமையோடு படிக்கிற பக்கம் அது. அதே தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள் என்பது அடுத்த பக்கம். 1949-இல் வந்த இன்னொரு சட்டம் விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம் தந்தது. இத்தனை ஆண்டு இடைவிடாமல் வாழ்ந்ததற்குத் தாள் காட்ட வேண்டும் என்றது. எட்டு லட்சத்துக்குக் குறையாதவர்கள் சார்பில் மனுக்கள் போயின; பெரும்பகுதி தள்ளப்பட்டது. பிறகு 1964 அக்டோபரில் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது.

அந்த 1948 சட்டத்தை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் சா.ஜே.வே. செல்வநாயகம். வழக்கறிஞர், கிறிஸ்தவர். தம் தொகுதி மக்கள் அல்லாத மலையகத் தமிழருக்காகத் தம் கட்சியைவிட்டுப் பிரிந்து 1949-இல் புதிய கட்சி தொடங்கினார். அவர் மகன் சந்திரகாசனும் சட்டம் பயின்றவர். 1984-இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தோற்றுவித்தார். முகாம்களில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்ய உதவியது அந்தக் கழகத்தின் பெரும்பணிகளில் ஒன்று. ஊர் திரும்ப விரும்புகிறவருக்கு அந்தத் தாள் இல்லாவிட்டால் அங்கும் அந்நியர்தான். ஆகவே பயிற்சி பெற்ற வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நீங்கள் இங்கே இருக்க விரும்புகிறீர்களா, திரும்ப விரும்புகிறீர்களா?" என்பது. நாம் யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை.

நம் சபை வக்கீல்களிடம் இதைப் பேசியபோது அவர்கள் சொன்னதும் கவனிக்கத்தக்கது. நிலத் தகராறு, விபத்து இழப்பீடு, குடும்ப வழக்கு, காசோலை வழக்கு ஆகியவை தங்களுக்குக் கைவந்தவை. இது வேறு துறை, தவறாக நடத்தப் பயமாயிருக்கிறது என்றார்கள். நேர்மையான பதில். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி 1996 முதல் நடக்கிறது. அங்கே பயிலும் நம் சபை மாணவர் ஒருவர், அகதிகள் பற்றிய பாடம் சர்வதேசச் சட்டத் தாளில் ஓரிரு வகுப்புகளில் முடிந்துவிட்டது என்றார். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் வழக்காடுவதற்குத்தான் கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கிறது: அரசியலமைப்பின் எந்தப் பிரிவு "குடிமகன்" என்கிறது, எது "நபர்" என்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பேச்சுரிமை தரும் 19-ஆம் பிரிவு குடிமகனுக்கு உரியது. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் பிரிவு, இந்த மண்ணில் நிற்கும் எந்த நபருக்கும் உரியது.

சட்டம் மாறிக்கொண்டும் இருக்கிறது. 1946-ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நீங்கி, குடிவரவு மற்றும் அந்நியர் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதையொட்டி வந்த ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களிக்கிறது. முகாமில் பலர் இதைக் குடியுரிமை கிடைத்துவிட்டதாகவே எண்ணி மகிழ்ந்தார்கள். அப்படியன்று. தண்டனையில்லை என்பது ஒன்று, உரிமையுண்டு என்பது வேறு. 2021-இல் தமிழக அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது, அன்பான செயல், ஆயினும் சட்டநிலை ஒரு அங்குலமும் நகரவில்லை. இந்த விலக்கு ஆணையைக் கொண்டு "சட்டவிரோதக் குடியேறி" என்ற முத்திரையை அகற்ற முடியுமா என்று இனி நீதிமன்றங்களில் வாதம் நடக்கும். வாதம் நடக்கும் இடத்தில் நம்மவர் ஒருவர் நிற்க வேண்டாமா?

இதை நான் சபை மன்றத்தில் சொன்னபோது மூன்று மறுமொழிகள் வந்தன.

இது அரசியல், ஐயா, என்றார் ஒரு மூப்பர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, எல்லா நாட்டாரும் வந்து தங்கும் சத்திரமன்று இந்தியா என்ற கருத்தில் பேசியதை அவர் நினைவூட்டினார். ஆனால் அரசு யாரை ஏற்க வேண்டும் என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. 2019 ஜூனில் மதுரைக் கிளையில் 65 மனுதாரர்களுக்கு ஆதரவாக வந்த தீர்ப்பும்கூட, குடியுரிமை கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. மனுக்களைப் பெற்று, பரிசீலித்து, குறித்த காலத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றே அரசுக்குச் சொன்னது. மனு சரியாக எழுதப்பட வேண்டும், படிக்கப்பட வேண்டும், பதில் வர வேண்டும். செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயின் முன் வந்து நின்றபோது கேட்டதும் இதுவே. கர்த்தர் அவர்கள் வழக்கு நியாயமானது என்று தீர்த்தார் (எண்ணாகமம் 27).

நம் சபை ஏழைகளுக்கே வக்கீல் இல்லையே என்றார் இன்னொருவர். உண்மை, வெட்கப்பட வேண்டிய உண்மை. ஆயினும் ஒரு வழக்கறிஞர் சான்றுகளைத் திரட்டவும், எளியவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதவும் கற்றுக்கொண்டால், அந்தத் திறமை முகாமின் வாசலோடு நின்றுவிடுமா?

மூன்றாவதாக ஒரு தம்பி, இதனால் ஆத்துமாக்கள் சேருமா என்று கேட்டான். இல்லை, சேர்க்கவும் கூடாது. முகாமில் இந்துக்கள் இருக்கிறார்கள், கத்தோலிக்கர் இருக்கிறார்கள், நம்மவரும் இருக்கிறார்கள். மனு எழுதும் மேசையில் சுவிசேஷக் கைப்பிரதி ஒன்றும் இருக்காது. இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை.

செலவு பெரிதன்று. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவில், பெண்களையும் குழந்தைகளையும் காவலில் உள்ளவர்களையும் மட்டுமன்றி இனக்கலவரத்தினால் துன்புற்றவர்களையும் இலவச உதவிக்குரியோராகச் சொல்கிறது. குடிமகனாக இருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனையில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நம் ஊரிலேயே இருக்கிறது. சட்டத் தன்னார்வலராக வழக்கறிஞர் அல்லாதவரும் பயிற்சி பெறலாம். முகாமிலேயே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் திருச்சபை அமைப்புகளில் பணிபுரிவோர், வழக்கறிஞர் பட்டம் இல்லாவிடினும் பயிற்சியும் அரசின் அங்கீகாரமும் பெற்றுக் குடியேறிகளுக்காக முன்னிற்க முடிகிறது. நம் நாட்டில் நீதிமன்றத்தில் நிற்க வழக்கறிஞரே வேண்டும். ஆனால் தாள்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்துவதில் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தத் தாள்களில் சில நம் கையில் இருக்கின்றன. சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, பெற்றோரில் ஒருவர் பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால் ஒருவர் இந்திய வம்சாவளியினராகக் கருதப்படுவார். மலையகத்திலிருந்து வந்த முதியவர்களுக்கு இது பெரிய வாசல். அந்தப் பெற்றோரின் பிறப்புக்கு அரசுப் பதிவு கிடைக்காத இடத்தில், நம் பழைய ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் துணைச் சான்றாக உதவக்கூடும். நம் சேகரத்துப் பதிவேடுகள் எப்படி இருக்கின்றன என்று கடந்த வாரம் போய்ப் பார்த்தேன். கரையான் இரண்டு தொகுதிகளை அரித்திருக்கிறது. மீதியைத் துணியில் கட்டிப் பீரோவில் வைத்திருக்கிறோம்.

நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தெளிவாயிருந்தார்கள். துன்புறுத்தப்பட்டுச் சிதறிய விசுவாசிகளுக்காகத் தாவீது சுந்தரானந்தம் 1799-இல் முதலூரை உண்டாக்கியபோது, முதலில் நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். பிறகுதான் குடிசையும் ஜெபக்கூடமும்.

நான் கேட்பது இவ்வளவே: இவ்வாண்டு அசனப் பண்டிகைச் செலவிலிருந்து ஒரு பங்கை எடுத்து, நம் இளம் வழக்கறிஞர் இருவரை ஓராண்டு மதுரையில் இந்த வழக்குகளை நடத்தும் மூத்தவரிடம் மாதத்தில் நான்கு நாள் அனுப்ப வேண்டும். பேருந்துக் கட்டணம், சாப்பாடு, புத்தகம், அவர்கள் இழக்கும் நாள் வருமானம். இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஒருவர் பெண்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் சேகர மண்டபத்தில் சட்டம் பயின்றவர்களும் பயில்கிறவர்களும் அமர்ந்து பேசுகிறோம். மதுரை நண்பர் பத்தரை மணிக்கு வந்துவிடுவார். பெரியவரும் மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மண்டபத்தில் பதிந்த பிறப்புச் சான்றையும், பேத்தியின் பிறப்புச் சான்றையும், என் கையெழுத்திலுள்ள அந்த விண்ணப்பத்தின் நகலையும் கொண்டுவரும்படி கேட்டிருக்கிறேன்.